குமரிக்குப் பெயர் வைத்தது யார்?

கேள்வி: கன்னியாகுமரி முனைக்கு ‘கேப் காமரின்’ என்று பெயர் சூட்டியது வெள்ளைக்காரர்தானே? (வாசகர், ராஜபாளையம்)

பதில்: சூட்டவில்லை, குமரியைத் தங்கள் வாய்க்கு வந்தபடி உச்சரித்தார்கள், அவ்வளவுதான். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளஸிலேயே ‘கொமாரி’ இருக்கிறது. தேவி நீராடிய இடமென்று ஆணும் பெண்ணும் அங்கே வந்து கடலாடி, துறவு பூண்டு தங்கியதையும் அந்நூல் சொல்கிறது.

எதிரே கடலில் நிற்கும் பாறையும் அவள் பெயரில்தான்: பழுப்பேறிய பாதத் தடம் ஒன்று இருப்பதால் ஸ்ரீபாதப் பாறை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானித்த இடம். 1970இல் மண்டபம் எழுந்தது.

உங்கள் ஊருக்கு மேற்கே தெரிகிற அதே மலைத்தொடர்தான் தெற்கே நீண்டு, கடலோரம் மருந்துவாழ்மலையில் முடிகிறது. அந்த மலையடியில் உங்கள் பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. கன்னித் தேவியான குமரியோ தன் கல்யாணத்துக்கு இன்னும் காத்திருக்கிறாள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.