அன்சானில் ஒரு பிரட்டுக்களம்

அன்சான், தென்கொரியா.

ஊராரே, ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயத்துப் பொடியன் இங்கே எப்படித் தள்ளுகிறான் என்று கேட்டிருந்தீர்கள். நன்றாகவே தள்ளுகிறான், பெரும்பாலும் இரும்புத் தகடுகளை, காலை எட்டரையிலிருந்து.

அன்சான் சியோலுக்குத் தென்மேற்கே இருக்கிறது. தலைநகரத்துக்குள் நெரிசல்பட்ட தொழிற்சாலைகளை வெளியே கொண்டுபோக 1970களின் பிற்பாதியில் திட்டம்போட்டு எழுப்பிய ஊர். பன்வோல், சிஹ்வா என்று இரண்டு தொழிற்பேட்டைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பட்டறை. கொரியப் பிள்ளைகள் எட்டிப் பார்க்காத வேலைகளுக்கு 2004இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தின்படி இலங்கை, நேபாளம், வியட்நாம் ஆட்கள் வருகிறார்கள். பொடியனும் கொரிய மொழிப் பரீட்சையில் தேறித்தான் வந்தான். தமிழிலேயே தட்டுத்தடுமாறியவன் எப்படித் தேறினான் என்று அவனுடைய வாத்தியார் இன்னும் யோசிக்கிறாராம்.

முதல் நாள் காலையில் பட்டறை முற்றத்தில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். எதிரே தொப்பி போட்ட ஒருவர், கையில் கொப்பி. பொடியனுக்கு இதெல்லாம் பழக்கமாயிற்றே! தோட்டத்தில் காலையில் ஆள் எடுக்கும் பிரட்டுக்களம் என்று நினைத்து, பேர் கொடுக்க நேரே முன்னால் போய் நின்றுவிட்டான். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் பாட்டு கிளம்ப, அத்தனை பேரும் கைகாலை ஆட்ட ஆரம்பித்தார்கள். உடற்பயிற்சி! அவனும் ஆடினான். தொப்பிக்காரர் மேற்பார்வையாளர், இங்கே ‘பஞ்சாங்’ என்பார்கள். நம்ம ஊர்க் கங்காணியைவிடச் சத்தம் குறைவு, முறைப்பு அதிகம்.

சம்பளக் கதைக்கு வருவோம். தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆக வேண்டும் என்று வருடக்கணக்கில் கத்தி, 2021இல்தான் அது நடந்தது. 1,350 ஆனது 2024இல். அதிலும் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். கொரியாவில் 2025இன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வொன். நம்ம காசில் 2,000 ரூபாய்க்கு மேல். இதைத் தொலைபேசியில் கேட்ட அம்மா கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார். “ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றரைப் பேரா? பொய் சொல்லாதடா!” என்று வைத்துவிட்டார்.

குளிர் மைனஸ் பத்துக்கும் கீழே போகும். நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுந்தாலே பத்திரிகையில் படம் போடுகிறோம். ஆனால் இங்கே அறையின் தரையே சூடு. அடியில் குழாய் போட்டு வெந்நீர் ஓடவிடுகிறார்கள். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே சட்டையைத் தொங்கவிட்டு, புகை நாற்றத்தோடு அதைப் போட்டுப் பள்ளிக்கூடம் போனவனுக்கு, இரவில் தரையில் விரித்த காலுறை விடியும்போது காய்ந்திருப்பது பெரிய அதிசயம்.

தேத்தண்ணிதான் சோகம். தேநீர் என்று கேட்டால் வறுத்த பார்லி போட்ட தண்ணீரைக் கொடுக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் பொட்டலக் காப்பி: காகிதக் கோப்பையில் கொட்டி, வெந்நீர் ஊற்றி, அதே பொட்டலத்தைச் சுருட்டிக் கலக்க வேண்டும். 1869இல் தொடங்கிய இலை நோய் நம்ம மலையில் காப்பியை ஒழித்ததால்தான் அங்கே தேயிலை வந்தது. காப்பி இங்கே வைத்துப் பழிவாங்குகிறது.

பொடியனுடைய பூட்டன் கழுத்தில் தகரச் சீட்டைத் தொங்கவிட்டுத் தோட்ட வேலைக்குக் கடல் கடந்தவர். கொள்ளுப்பேரனுக்குப் பிளாஸ்டிக் அட்டை, சட்டைப்பைக்குள். முன்னேற்றம்தான். பூட்டன் காலத்தில் தோட்டம் மாற ‘துண்டு’ வேண்டும். கடனைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1921இல் அதை ஒழித்தார்கள். இங்கே கடன் பேச்சில்லை. ஆனால் முதல் மூன்று ஆண்டுகளில் மூன்று தடவைக்கு மேல் பட்டறை மாற முடியாது. அதற்கும் பெரும்பாலும் முதலாளி தலையாட்ட வேண்டும். துண்டு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அன்சானின் வொன்கொக் பகுதியில் பருப்பு, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் கிடைக்கிறது. பார்சலில் அவற்றை அடைக்க வேண்டாம். தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத் தூளில் ஒரு கிலோ போதும். இரண்டாக அனுப்பினால் இன்னும் நல்லது. ஒருநாள் ஒரு வாய் குடித்துப் பார்த்த பஞ்சாங்கும் கேட்கிறார்.