தந்த விஷ்ணுவும் ஆடும் பெஞ்சும்

1922-இலேயே கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை ஸ்தாபித்த கிரீந்திரசேகர போஸின் நகரம் இது என்பதையும், 1931-இல் பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு அச்சங்கத்தார் தந்தத்தாலான விஷ்ணு விக்கிரகம் அனுப்பிவைத்ததையும், உலக மனநல தினமான ஒவ்வோர் அக்டோபர் பத்தாம் தேதியும் பச்சை ரிப்பன் குத்திய பிரமுகர்கள் சிரத்தையாக நினைவூட்டி, 'மனம் திறந்து பேசுங்கள்' என்று உபதேசித்துக் கலைகிறார்கள்.

அந்த உபதேசத்தை நம்பி, இரண்டு ரூபாய் டிக்கெட்டுடன் ஓர் ஆஸ்பத்திரியின் ஒரு கால் ஆடும் பெஞ்சில் மதியம்வரை காத்திருந்த என் மைத்துனனுக்கு டாக்டர் சந்நிதியில் வாய்த்தது மூன்று நிமிஷம். அதிலும் ஒன்று, அவன் பெயரை வங்காளத்தில் எழுதுவது எப்படி என்கிற ஆராய்ச்சியில் கழிந்தது. டாக்டரைக் குறைசொல்ல மனமில்லை. வாசலில் இன்னும் எண்பது பேர் நின்றார்கள்.

பெஞ்சில் காத்திராமல் மனம் திறக்க ஒரு வழி உண்டு: 2022-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.