குதிக்க இடமில்லாத தண்ணீர்

சேவுகம்பட்டியில் ஒருவர் வீட்டோடு சேர்த்து நீச்சல்குளம் கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கும் காலம் வரும் என்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், நாங்கள் அதை நம்பாமல் போயிருப்போம் என்பதைவிட, அது எதற்கு என்று புரியாமல் விழித்திருப்போம் என்பதே சரி. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு தோட்டம், தோட்டத்துக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு கல்படி, படிக்கு மேலே குதிக்க வாகாக ஒரு மேடு. வத்தலக்குண்டில் சினிமா பார்க்கப் போனால் படத்தில் வரும் பணக்காரர் வீட்டில் நீலநிறத் தண்ணீர் நிற்கும், அதன் கரையில் சாய்வு நாற்காலி போட்டு ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருப்பார். எங்களுக்கு அந்த மனிதர்மேல் பொறாமை வந்ததாக நினைவில்லை. குதிக்க உயரமில்லையே, மூழ்கி மண்ணெடுக்க ஆழமில்லையே, கூடக் குளிக்க ஒரு பயலையும் காணோமே என்று பரிதாபம்தான் வந்தது.

இப்போது என் தங்கை மகன் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறான். கோயம்புத்தூரில் தொழில் செய்து நன்றாக இருக்கிறான்; பட்டிவீரன்பட்டி ரோட்டை ஒட்டிய குடும்பத் தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். "மாமா, இருபத்தஞ்சுக்குப் பன்னிரண்டு, நாலரை அடி ஆழம். பாப்பா லீவுக்கு வந்தா நீச்சல் கத்துக்குவா. என்ன சொல்றீங்க?" என்று கேட்டான். கேட்ட மாத்திரத்தில் வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பாப்பா நீச்சல் கற்க வேண்டும் என்பது நியாயமான ஆசை, அதற்கு நியாயமான பதில் வேண்டும்.

நாங்கள் கற்ற விதத்தை நினைத்தால் இன்று எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள். காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கட்டி, இடுப்பில் ஒரு கயிறு போட்டு, மறுமுனையை மாமனோ சித்தப்பாவோ பிடித்துக்கொண்டு படியிலிருந்து தள்ளிவிடுவார்கள். கொஞ்ச நாளில் நமக்குத் தெரியாமலே கயிறு தளர்ந்திருக்கும், பிறகு புருடையும் போய்விடும், ஒருநாள் திரும்பிப் பார்த்தால் நடுக்கிணற்றில் தனியாகக் கை வீசிக்கொண்டிருப்போம். அதன் பிறகு கோடை விடுமுறை முழுக்கத் தண்ணீருக்குள்தான். மோட்டார் ரூம் கூரையிலிருந்து ஒரு குதி, மேட்டிலிருந்து ஒரு பல்டி, யார் அடியில் போய்க் கையில் மண்ணோடு வருகிறான் என்று பந்தயம், மல்லாக்க மிதந்துகொண்டு மேலே வட்டமாகத் தெரியும் வானத்தையும் கிணற்றுக்குள் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளையும் பார்த்துக்கொண்டு கிடக்கும் சுகம், நடுவில் ஒரு தண்ணிப்பாம்பு தலை தூக்கினால் எல்லாரும் ஒரே நேரத்தில் படியேறும் கூச்சல். தை மூன்றாம் நாள் சோலைமலை அழகர் கோயிலில் கூடைகூடையாக வாழைப்பழத்தைச் சூறை விட்டு முடித்ததும், நசுங்கிய பழம் தலையிலும் சட்டையிலும் ஒட்டியிருக்க, பிடித்த பழத்தைத் தின்றபடியே நேரே கிணற்றுக்கு ஓடுவோம்; மார்கழிக் குளிர் இன்னும் தண்ணீரில் மிச்சமிருக்கும், முதல் குதியில் மூச்சு நின்று திரும்ப வரும். வீட்டுக்குப் போகும்முன் தலையைக் காயவைத்து எத்தனை நல்ல பிள்ளையாக நின்றாலும், அம்மா முழங்கையில் நகத்தால் ஒரு கீறு கீறுவாள். தோலில் வெள்ளைக் கோடு விழும். அதற்கு மேல் விசாரணை கிடையாது, அடிதான்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு பைசா செலவில்லை. ஏன் செலவில்லை என்று அப்போது நாங்கள் யோசித்ததில்லை. இப்போது மருமகன் கணக்கோடு வந்து நிற்கும்போதுதான் யோசிக்கத் தோன்றுகிறது. அந்தத் தண்ணீர் எங்களுக்காக நிற்கவில்லை. அது வாழைக்கும் நெல்லுக்கும் தென்னைக்கும் போகும் வழியில் எங்களைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தது. காலையில் மோட்டார் ஓடினால் மட்டம் இறங்கும், ராத்திரி ஊற்று சுரந்து ஏறும், மறுநாள் வேறு தண்ணீர். முப்பதடிக்கு முப்பதடிக் கிணற்றில் இருபதடித் தண்ணீர் என்றால் ஐந்து லட்சம் லிட்டர். மருந்து போட வேண்டியதில்லை, வடிகட்டியில்லை, அழுக்குச் சேரும் முன்னால் அது வயலில் இருக்கும். மழைக்காலத்தில் தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கம் கீழ்மலையில் பெய்த மழை மருதாநதியாக இறங்கி, அய்யம்பாளையத்துக்கு மேலே இருக்கும் 74 அடி அணையை நிரப்பி, வாய்க்காலில் வந்து சேர்ந்தால், எங்கள் கிணறுகளில் ஒவ்வொரு படியாக மறையும். கடைசிப் படி மறைந்தால் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு மெலியும்.

பிறகு முன்னேற்றம் வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கமலை இழுத்து மாடும் மனிதரும் தேய்ந்ததை என் அப்பா காலத்தில் பார்த்தவர்கள் யாரும் மின் மோட்டாரைத் திட்டமாட்டார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், சில ஆண்டுகள் கழித்து எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானபோது ஊரே மகிழ்ந்தது. ஆனால் தண்ணீரை எடுக்கும் வேகம் சுரக்கும் வேகத்தைத் தாண்டியது. கிணற்றின் அடியில் துளை போட்டார்கள், பக்கவாட்டில் சைடு போர் போட்டார்கள், அதற்கும் எட்டாமல் போனதும் கிணற்றைத் தாண்டிப் போய் ஆழ்துளைக் கிணறு. ஒரு சாண் அகலக் குழாய்க்குள் எந்தப் பையனும் குதிக்க முடியாது. 1994இல் பதின்மூன்று வயதுகூட நிரம்பாத குற்றாலீஸ்வரன் ஒரே ஆண்டில் ஆறு கடல்வழிகளை நீந்திக் கடந்து, 1966இல் மிஹிர் சென் ஐந்து கடந்து வைத்திருந்த சாதனையைத் தாண்டினான் என்று செய்தி வந்தபோது, எங்கள் ஊர்க் கிணறுகளில் குதித்த பொடியன்கள் எல்லாரும் குற்றாலீஸ்வரன்தான். அவர்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டிக்கொள்ளத் தண்ணீர் இல்லை.

அதன் விலை சின்னதல்ல. உலகமெங்கும் பிள்ளைகளைப் பறிக்கும் முதன்மையான காரணங்களில் ஒன்றாக நீரில் மூழ்குதலை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, 2021இல் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 25ஐ அதற்கென்றே ஒரு நாளாக அறிவித்தது. கிணறு வற்றிய ஊரில் பிள்ளைகள் நீச்சல் தெரியாமல் வளர்கிறார்கள், திடீரென்று ஒரு நல்ல மழை வருஷத்தில் அணையும் கண்மாயும் நிரம்பும்போது ஆசையாய் இறங்குகிறார்கள். பேரப்பிள்ளைக்கு நீச்சல் வேண்டும் என்பதை நான் ஆடம்பரமாக நினைக்காததற்கு இதுதான் காரணம்.

இன்னொரு காரணம் என் தங்கை. பத்து வயது வரைக்கும் அவள் எங்களோடு குதித்தாள். மூழ்கி மண்ணெடுப்பதில் எங்கள் கூட்டத்தில் அவளை மிஞ்சியவன் இல்லை, மூச்சை அடக்கி அவள் கீழே போனால் மேலே நிற்கும் எங்களுக்கு மூச்சு முட்டும். ஒரு நாள் பாட்டி "போதும்டி" என்றாள். அவ்வளவுதான். அதன்பின் அவளுக்குக் கிடைத்தது மோட்டார் தொட்டியில் பாவாடையோடு ஒரு முங்கல், பக்கத்தில் துணி துவைக்கக் குவித்த மூட்டை. நான் கிணற்றை நினைத்து உருகும்போதெல்லாம் அவள் முகம் கூடவே வருகிறது. சுவர் எடுத்த ஒரு நீச்சல்குளத்தில் அவள் பேத்தி எந்த வயதிலும் எவர் பேச்சுக்கும் அஞ்சாமல் நீந்தலாம் என்றால், காலம் அந்த இடத்தில் நல்லதுதான் செய்திருக்கிறது.

அது மட்டுமில்லை. அந்தக் கிணறுகள் எல்லாருக்கும் திறந்து கிடக்கவில்லை. எந்தத் தெருப் பையன் எந்தக் கிணற்றில் இறங்கலாம் என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எங்களோடு ஒரே பெஞ்சில் படித்த பையன்கள் சிலர் மேட்டில் நின்று எங்கள் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர் பட்டிவீரன்பட்டியில் பிறந்து, 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று ஆணை போட்டவர். பஸ் பொதுவாகி வெகுகாலம் கழித்தும் எங்கள் கிணறுகள் பொதுவாகவில்லை. இதையும் சேர்த்துச் சொல்லாமல் அந்தக் காலம் பொற்காலம் என்று எழுத எனக்கு உரிமையில்லை.

இத்தனையும் மனதில் வைத்துக்கொண்டுதான் மருமகனோடு கணக்குப் போட உட்கார்ந்தேன். அவன் சொன்ன அளவுக்கு 1,350 கன அடி, ஏறத்தாழ 38,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி என்றால் மூன்று நடைக்கும் மேலே. கோடை வெயிலில் நாளைக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்தால் மாசத்துக்கு நாலாயிரத்திலிருந்து ஐந்தாயிரம் லிட்டர் யாரும் குளிக்காமலே வானத்துக்குப் போகும். ஒரு குதிரைத்திறன் பம்பு தினம் ஆறு மணி நேரம் ஓடினால் மாசம் 135 யூனிட். அதை வீட்டுக் கணக்கில்தான் கட்ட வேண்டும், தோட்டத்து இலவச இணைப்பில் ஓட்டக்கூடாது. குளோரின் அளவைப் பார்க்க வேண்டும், அமில-காரத்தன்மை (pH) 7.2க்கும் 7.8க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், உப்புத் தண்ணீர் என்றால் ஓடுகளில் வெள்ளைப் படிவம் ஏறும், மணல் வடிகட்டியைத் திருப்பிக் கழுவும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சாக்கடைக்கு. பாப்பா வருவது வருஷத்தில் இரண்டு விடுமுறை. மற்ற நாளெல்லாம் அந்தத் தண்ணீருக்கு ஆள் வைத்துக் காவல் காக்க வேண்டும். அவனோ கோயம்புத்தூரில் இருப்பான்.

பெரிய ஊர்கள் இந்தப் பாடத்தை எங்களுக்கு முன்பே படித்துவிட்டன. 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு போட்ட நாள்களில் வீட்டு நீச்சல்குளங்களைக் குடிநீரால் நிரப்பத் தடை இருந்தது. 2024 மார்ச்சில் பெங்களூரிலும் நீச்சல்குளங்களுக்குக் குடிநீர் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை விதித்தது. பஞ்சம் வரும்போது முதலில் வெட்டுப்படும் தண்ணீர் வேறு வேலையில்லாத தண்ணீர்தான். திண்டுக்கல் சமவெளியில் பஞ்சம் எப்போதாவது வரும் விருந்தாளி இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது காபி கொண்டுவந்த தங்கை, அதுவரை ஒரு வார்த்தை சொல்லாதவள், "தண்ணி சும்மா நிக்கக்கூடாதுண்ணே. தென்னைக்குத் தொட்டி கட்டணும்னு அவங்கப்பா காலத்துலயே பேச்சு இருந்துச்சே. அதைக் கொஞ்சம் பெருசாக் கட்டினா என்ன?" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் தாளைத் திருப்பி மறுபடியும் எழுத ஆரம்பித்தேன்.

தோட்டத்தில் இருநூறு தென்னை நிற்கிறது. சொட்டுநீரில் கோடையில் மரத்துக்கு நாளைக்கு எண்பது லிட்டர் என்றால் 16,000 லிட்டர். அதே 38,000 லிட்டர் தொட்டி இரண்டு நாளைக்கு ஒருமுறை கிட்டத்தட்டக் காலியாகி, திரும்ப நிறையும். நின்று அழுகத் தண்ணீருக்கு நேரமிருக்காது. வாரத்துக்கு ஒருமுறை பாசி தேய்த்தால் போதும், குளோரின் வேண்டாம். மரத்துக்கும் அது ஆகாது. ஒரு பக்கம் இரண்டரை அடி, மறுபக்கம் நாலரை அடி. இறங்கக் கல்படி, பிடித்துக்கொள்ளக் கம்பி, தண்ணீர் போகும் வாயில் வலுவான வலை, பூட்டுப் போட்ட சுற்றுச்சுவர், பெரியவர் ஒருவர் கரையில் இல்லாமல் பிள்ளைகள் இறங்கக்கூடாது என்ற கண்டிப்பு. மேலே குழாய் விழும் இடத்தில் தலையைக் கொடுத்து நிற்க ஒரு பலகைக்கல். பம்புசெட் தண்ணீர் உச்சந்தலையில் மொத்தென்று விழும் சுகத்தை எந்த நீலக்குளமும் தராது என்பதை அவனே ஒப்புக்கொண்டான், சின்ன வயதில் அவனும் நின்றவன்தானே.

குதிக்க மேடு கேட்டேன். நாலரை அடித் தண்ணீரில் தலைகீழாகக் குதித்தால் கழுத்து போய்விடும் என்று அவன் மறுத்தான், அவன் சொன்னது சரி. நீல ஓடு வேண்டும் என்றான். அது அவன் பணம், பாப்பாவுக்கும் பிடிக்கும், ஒட்டட்டும். வரப்போகும் கோடைக்கு முன் வேலை முடிய வேண்டும், என் தங்கை முதலில் இறங்குவதாகச் சொல்லியிருக்கிறாள், அறுபதைத் தாண்டியவளுக்கு இன்னும் எவ்வளவு மூச்சு நிற்கிறது என்று பார்க்க எனக்கு ஆவல் தாங்கவில்லை.

ஒரு விஷயத்தில்தான் இழுபறி. சுற்றுச்சுவரின் கதவை வீட்டுப் பக்கம் வைக்கலாம் என்கிறான் மருமகன். ரோட்டுப் பக்கமும் ஒன்று வைத்து, விடுமுறை நாள் சாயங்காலங்களில் எந்தத் தெருப் பிள்ளையும் வந்து நீந்தக் கற்கட்டும், நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்கிறேன் நான். கொத்தனார் அடுத்த வாரம் அளவு எடுக்க வருகிறார். அதற்குள் அவனைச் சம்மதிக்க வைத்துவிடுவேன்.