ரத்தத்துக்குப் பெரட்டு

அந்தக் கைப்பேசியக் கீழ வை தம்பி. ரிப்போர்ட்டுல ஒரு எண்ணுக்குப் பக்கத்துல 'எல்'னு ஒரே ஒரு எழுத்து. அதுக்கு ராத்திரி பூரா தேடித்தேடிப் படிச்சு, விடியறதுக்குள்ள உனக்கே மூணு வியாதியும் ஒரு பதினாறாம் நாள் சாப்பாடும் ஏற்பாடு பண்ணிட்டு வந்திருக்கே. ஸ்கூடாய்ல யூ.டி.எம். வந்தாலும் வந்துச்சு, பயப்படக்கூட ஆராய்ச்சி பண்ணித்தான் பயப்படுறீங்க.

தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரசருக்குக் கூடமாட வேலை செஞ்சவன் நான். டாக்டர் இல்ல, ஆனா உங்க கூகுளைவிட எனக்கு வயசு கூட. கேளு. அந்தக் காலத்துல இருட்டோட இருட்டா பெரட்டுக் களத்துல நிக்கணும். எத்தன பேரு வந்தான், எவன் வரலன்னு புத்தகத்துல ஏறிடும். ஏன் வரலன்னு தெரியணுமா, லயத்துக்குப் போய்க் கதவைத் தட்டணும். எஃப்.பி.சி., அதாவது முழு ரத்த எண்ணிக்கைன்னு நீ நீட்டுற இந்தக் காகிதம் ரத்தத்துக்கு எடுக்கிற பெரட்டு. சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட்டுன்னு மூணு கூட்டத்தையும் நிறுத்தி ஆள் எண்ணியிருக்கான். அவ்வளவுதான். நீ பெரட்டுப் புத்தகத்தைப் பார்த்துட்டு லயத்துல எழவு விழுந்துடுச்சுன்னு அழுவுறே.

எண்ணினது யாருங்கிறே? ஒரு பொடி ஓட்டை. வாலஸ் கூல்டர்னு ஒரு அமெரிக்கர், எக்ஸ்ரே மெஷின் விக்க இந்தப் பக்கம் வந்தவர். 1941 கடைசியில ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ சிங்கப்பூர்ல மாட்டிக்கிட்டாரு. ஊர் விழறதுக்கு முன்னாடி சரக்குக் கப்பல் ஏறி இந்தியா வழியாத் தப்பிச்சாரு. பிறகு தன் ஊர்ல உட்கார்ந்து ஒண்ணு கண்டுபிடிச்சாரு. கரெண்டு ஓடுற உப்புத் தண்ணியில ஒரு சின்ன ஓட்டை வழியா ரத்தத்தை விட்டா, ஒவ்வொரு அணுவும் நுழையும்போது கரெண்டு கொஞ்சம் தடைபடும். தடையை எண்ணினா அணுவை எண்ணின மாதிரி, தடை பெருசுன்னா அணுவும் பெருசு. 1953-ல பேடண்ட் வாங்கிட்டாரு. அதுவரைக்கும் மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சு கட்டம் கட்டமா எண்ணணும். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் போன நம்மாளுங்க எல்லாம் டாலரை எண்ணினாங்க. இந்த மனுஷன் ரத்தத்தை எண்ணினான்.

சரி, உன் எண்ணுக்கு வர்றேன். ஹீமோகுளோபின் 13.4. ஆம்பளைக்கு 13, பொம்பளைக்கு 12, புள்ளத்தாச்சிக்குப் பொதுவா 11, இதுக்குக் கீழ போனாத்தான் சோகைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நீ பாஸ். எம்.சி.வி. மட்டும் 76. சிவப்பணுவோட சராசரி அளவு அது. 80-லேருந்து 100 வரைக்கும் இருக்கணும். உன் அணு கொஞ்சம் குள்ளம். உங்க அப்பனும் குள்ளம்தானே, அதுக்கு ஏன் அலறுறே?

அணு குள்ளமாப் போறதுக்கு முக்கியமா ரெண்டு காரணம். ஒண்ணு இரும்புச்சத்துக் குறைவு. தோட்டத்துல வெறுங்காலோட நடந்து கொக்கிப்புழு ஏறி வெளுத்துப் போன சனங்களை நான் பார்த்திருக்கேன். டிரசர் கண் இமையைக் கீழ இழுத்துப் பார்த்தே சொல்லிடுவாரு. இப்ப செருப்பு வந்துடுச்சு, பதிலுக்குச் சோத்து மேலயே தே தாரிக் ஊத்துறீங்க. தேயிலை இரும்பைச் சேரவிடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிச்சாத்தான் என்ன? அது கிடக்கட்டும், என் வயசுக்காரனுக்கு இரும்பு குறைஞ்சா மாத்திரையோட விடக்கூடாது. குடல்ல எங்கயாவது கசியுதான்னு பார்க்கணும். ரத்தம் ஊறும்னு ஸ்டவுட் பாட்டிலைத் திறக்கிற கிழவனுங்க ஒட்டுக்கடையில நிறைய, ஊறினது தொப்பைதான்.

இன்னொரு காரணம் தலசீமியா. அதைச் சுமக்கிறவனுக்கு ஒரு நோவும் இருக்காது, அணு மட்டும் சின்னதா இருக்கும். 2016-ல நாலாம் படிவப் புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துலயே இதுக்குச் சோதனை பண்ண ஆரம்பிச்சாங்க; நீ அதுக்கு முன்னாடியே படிச்சு முடிச்சு வெளிய வந்துட்டே. தை மாசம் கல்யாணம் வச்சிருக்கே இல்ல? ஜோசியரு பத்துப் பொருத்தம் பார்த்தாரே, எம்.சி.வி. பார்த்தாரா? பொண்ணும் மாப்பிள்ளையும் பீட்டா வகையைச் சுமந்தா, ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, காலமெல்லாம் ரத்தம் ஏத்துற நிலைமையில பொறக்க. டாக்டர்கிட்டச் சொல்லி இரும்புக் கையிருப்பையும் ஹீமோகுளோபின் வகையையும் சோதிச்சுக்க. பொண்ணையும் சோதிக்கச் சொல்லு. நீ சாகமாட்டே; மாமனார்கிட்ட இதைச் சொல்லணும், அதுக்கு வேணும்னா பயப்படு.

வெள்ளையணு 4,000-லேருந்து 11,000 வரைக்கும். கிருமி புகுந்தா ஏறும், சில வைரஸ் காய்ச்சல்ல இறங்கும். ஓடிட்டு வந்து கையை நீட்டினாக்கூட ஏறும். அதை விடு. உன் வீட்டுக்குப் பின்னாடி அடுக்கி வச்சிருக்கியே பழைய டயர், மழைத்தண்ணியில கொசு வளர்த்துக்கிட்டு, அதைப் பத்திப் பேசணும்.

2019-ல மலேசியாவுல 130,000 பேருக்கு மேல டெங்கி, 182 சாவு. டெங்கியில இந்தப் பெரட்டை ஒரு தடவை எடுத்தாப் பத்தாது, தினம் எடுக்கணும். முதல்ல வெள்ளையணு இறங்கும், பின்னாலயே பிளேட்லெட் இறங்கும். ஊரே பிளேட்லெட்டைத்தான் பார்க்கும்: 'எங்க மச்சானுக்கு 30,000', 'எங்க சித்திக்கு 18,000', போட்டி போட்டுச் சொல்வாங்க. டாக்டர் பக்கத்து வரியில ஹீமட்டோகிரிட்டைப் பார்ப்பாரு. அது ஏறினா, ரத்தக் குழாயிலேருந்து நீர் கசிஞ்சு ரத்தம் கெட்டியாகுதுன்னு கணக்கு. ஆளைக் கொல்றது பெரும்பாலும் அந்தக் கசிவுதான். அதுவும் எப்ப? காய்ச்சல் விட்டுப்போச்சு, ஆள் தேறிட்டான்னு நீ மீ கோரெங் சாப்பிடக் கிளம்புற நாள்ல. வயித்து வலி, ஓயாத வாந்தி, ஈறுல ரத்தம், ஒரே அசதி, இதுல ஒண்ணு வந்தா நேரா ஆஸ்பத்திரி. அஸ்பிரின், புரூஃபன் தொடாதே. பப்பாளி இலைச் சாறு குடிச்சே ஆகணும்னா குடி, கசப்புக்கு யாரு தடை? குடிச்சிட்டோம்னு மறுநாள் ரத்தச் சோதனைக்குப் போகாம மட்டும் இருந்துடாதே.

ஒரு கூத்து சொல்றேன். சில பேரு ரத்தத்துல, ரத்தம் பிடிக்கிற ஊதா மூடிக் குழாய்க்குள்ள இருக்கிற மருந்து பட்டதுமே பிளேட்லெட் எல்லாம் கூடிக் கும்பலாயிடும். மெஷினுக்குக் கும்பலை எண்ணத் தெரியாது, 'ஆளே இல்ல'ன்னு எழுதிடும். ஆளு கல்லு மாதிரி இருப்பான். கண்ணாடித் துண்டுல ரத்தத்தைத் தடவி மனுஷன் கண்ணால பார்த்தாத்தான் குட்டு வெளிப்படும். கூல்டரு இல்லாத காலத்து வேலைக்கு இன்னும் வேலை போகல, பாரு.

அப்புறம், இதை எடுத்துட்டு 'எல்லா டெஸ்ட்டும் பண்ணியாச்சு'ன்னு திரியாதே. இதுல சக்கரையும் இல்ல, கொழுப்பும் இல்ல, சிறுநீரகமும் இல்ல. குறைவுக்கு 'எல்', கூடுதலுக்கு 'எச்'னு போட்டிருக்கிற எல்லாத்துக்கும் நடுங்கவும் வேணாம்; சுகமா இருக்கிறவங்கள்ல நூத்துக்கு 95 பேரு அடங்குற மாதிரிதான் அந்த எல்லையே போட்டிருக்கு. இருபது எண்ணு பார்த்தா ஒண்ணு வேலி தாண்டி நிக்கும். போன வருஷ ரிப்போர்ட் இருந்தா எடுத்துட்டுப் போ; 76 அப்பவும் 76-ன்னா ஒரு கதை, அப்ப 88-ன்னா வேற கதை.

தாமான் யுனிவர்சிட்டி அரசாங்கக் கிளினிக்குக்குக் காலையிலேயே போ. இந்தச் சோதனைக்கு மட்டும்னா பசியோட போக வேணாம். 1 வெள்ளிதான் கட்டணம். இந்தத் தே தாரிக் அதைவிட விலை கூட. காசை நீயே குடுத்துட்டுப் போ.