கண்டு நட வந்தியோ, படம் எடுக்க வந்தியோ?

இஞ்சை வா மோனை. இந்தப் பூவரசு நிழலுக்கை ஒருக்கா இரு. முகம் கறுத்துக் காய்ஞ்சு போய்க் கிடக்கு. நெஞ்சில பச்சை எழுத்துப் போட்ட ரீசேட், காலில சேறு, கையில வெறும் பொலித்தீன் பை. கடலேரிக் கரையில கண்டல் நட்டுப்போட்டு வாறாய் போல. ஓமோம், இண்டைக்கு ஜூலை 26 எல்லோ! சர்வதேசக் கண்டல் தினம்.

உந்த நாளை யுனெஸ்கோ 2015ல அறிவிச்சது. பரிஸ் நகரத்தில இருந்து குறிச்ச நாள். அவைக்கு எங்கட ஆடி வெய்யில் தெரியுமோ? சோளகம் அடிச்சுக் கடலேரி வத்தி, விளிம்பெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக் கிடக்கிறது தெரியுமோ? உனக்குத் தெரியுமே! மழையை நம்பி நெல்லு விதைக்கிறவன் ஆராவது ஆடி பத்தில விதைச்சுக் கண்டனியோ? நெல்லுக்கு ஒரு நியாயம், கண்டலுக்கு ஒரு நியாயமோ? ஐப்பசி மழை விழ உப்புக் குறையும், தண்ணி ஏறும், சேறு இளகும். ஆனால் ஐப்பசியில ஆர் வருவினம்? மழையில கமரா நனைஞ்சு போமே!

நானும் வேலிக்கரையில நிண்டு எல்லாம் பாத்தனான். ஒன்பது மணிக்கெண்டு சொன்ன கூட்டம். பிரதம விருந்தினர் வரப் பதினொண்டு. அதுவரைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையள் வெய்யிலுக்கை. பந்தல் போட்டது கதிரையில இருக்கிற ஆக்களுக்கு. மங்கள விளக்கைக் கொளுத்தக் கொளுத்தச் சோளகம் நூத்துப் போட்டுது. காத்துக்குத்தான் இண்டைக்குப் புத்தி இருந்தது. பேந்து விருந்தினர் ஒரு கண்டை நட்டார். படம் சரியா விழேல்லை எண்டு பிடுங்கித் திரும்ப நட்டார். அங்கால நிண்டவர் தானும் கை வைக்க வேணும் எண்டு இன்னொருக்கா. ஒரே நாளில மூண்டு தரம் தாலி ஏறின கண்டு அது ஒண்டுதான், தம்பி. பிறகு பற்றீஸ், ரோல்ஸ், சோடா. பெட்டியும் போத்திலும் கரையிலயே கிடக்கு. 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' எண்ட பதாகையும் பிளாஸ்டிக்தான். அதுவும் அங்கதான் கிடக்கு.

கோவிக்காதை. நீ நல்ல பெடியன். நல்லது செய்யத்தான் போனனி. நான் கேக்கிறது ஒண்டுதான். கார்த்திகையில வந்து, நட்டதில எத்தினை பிழைச்சுது எண்டு எண்ண ஒரு கூட்டம் வைப்பினமோ? அதுக்கு ஒரு பந்தல்? ஒரு பொன்னாடை? பிரதம விருந்தினர்?

எண்ணிப் பாத்த ஆக்களும் இருக்கினம். உவன் கிழவன் வாயில வந்ததைக் கதைக்கிறான் எண்டு நினையாதை. சுனாமிக்குப் பிறகு எங்கட நாட்டைச் சுத்திக் கண்டல் நடுகை எண்டு காசு வெள்ளமா ஓடினது. ருகுணு பல்கலைக்கழகத்து ஆக்களும் பெல்ஜியத்து ஆக்களும் சேந்து, நட்ட இடங்களில 23ஐப் போய்ப் பாத்து 2017ல எழுதிச்சினம். நட்டது 1,000 தொடக்கம் 1,200 ஹெக்டெயர். தப்பி நிண்டது 200, மிஞ்சினால் 220 ஹெக்டெயர். 9 இடத்தில ஒரு கண்டு கூட இல்லை. ஒண்டு கூட! பிலிப்பைன்ஸ்காரர் எங்களுக்கு முந்தியே உந்த விளையாட்டை விளையாடினவை. அங்கையும் கனகாலம் நிண்டு பிழைச்சது நூத்துக்குப் பத்து, இருபதுதானாம். நாங்கள் தனியாள் இல்லை எண்டு ஒரு ஆறுதல்.

ஏன் செத்தது? அதைக் கேள். இடம் பிழை. தண்ணி ஏறி இறங்கிற கணக்குப் பாக்கேல்லை. நட்டுப்போட்டு ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. மாடு மிதிச்சுது, திண்டுது. எல்லாத்துக்கும் மேல, எந்தச் சேறெண்டாலும் ஒரே இனத்தைக் கொண்டு போய்க் குத்தினது. கண்டல் எண்டே பேருள்ள இனத்தின்ரை காய் நீட்டா இருக்கும், கையால பிடிச்சுச் சேத்தில குத்த வசதி, படத்திலயும் வடிவு. கண்ணாவின்ரை காய் சின்னன், படத்தில தெரியாது. அதால எல்லா இடத்திலயும் கண்டல். ஆனால் எங்கட கடலேரியில கனக்க நிக்கிறது எது? கண்ணா எல்லோ! ஏன் எண்டு எப்பவாவது யோசிச்சனியோ?

போய்க் கண்ணா இலையை ஒருக்கா நக்கிப் பார். வெக்கப்படாதை, ஒருத்தரும் படம் எடுக்க மாட்டினம். உப்புக் கரிக்கும். உறிஞ்சின உப்பை இலையால வெளியில தள்ளிப்போட்டு நிக்கிற மரம் அது. மூச்சு முட்டுற சேத்துக்கை நிண்டாலும் வேரை மேல நீட்டி மூச்சு எடுக்கும். கோடையில கடலை விட உப்பேறிப் போற கரையில கண்டலை விடக் கண்ணா தாக்குப் பிடிக்கும். காய் விழும், தண்ணியில மிதக்கும், தனக்குப் பிடிச்ச இடத்தில ஒதுங்கி முளைக்கும். அதுக்குப் புரொஜெக்ட் புரொப்போசல் எழுதத் தெரியாது. எழுதாமலே காடு வளத்துப் போட்டுது.

எங்கட ஆக்களும் தங்கக் கம்பிகள் இல்லை. வலைக்குத் துவர் ஏத்தப் பட்டை உரிச்சவை, களங்கட்டிக்குத் தடி வெட்டினவை, ஆட்டுக்குக் கண்ணாக் குழை ஒடிச்சவை. நானும் ஒடிச்சனான். ஆனால் அடுத்த வருசமும் ஆடு தின்ன வேணும் எண்ட நினைவு இருந்தது. வேரோட புடுங்கேல்லை. சண்டைக் காலத்தில பார்வைக்கு இடைஞ்சல் எண்டு வெட்டித் தள்ளினது வேற கதை. அதிலயும் ஒரு பகிடி பார். உயர் பாதுகாப்பு வலயம் எண்டு சனத்தைக் கலைச்ச இடமெல்லாம் பத்தை ஏறிக் காடாப் போச்சுது. பாதுகாப்பு மரத்துக்குத்தான் கிடைச்சது.

இனி உந்த ஜூலை 26க்கு வருவம். அது ஏன் அந்த நாள் எண்டு உங்கட கூட்டத்தில ஆராவது சொன்னவையோ? சொல்லியிருக்க மாட்டினம். ஈக்குவடோர் எண்டொரு நாடு. அங்க முயிஸ்னே எண்ட கரை. கண்டலை அழிச்சு இறால் பண்ணை போட்டாங்கள். 1998 ஜூலை 26 அண்டைக்கு ஊர்ச் சனமும் கிறீன்பீஸ் ஆக்களும் போய், சட்டத்துக்கு மாறாக் கட்டின ஒரு பண்ணையை உடைச்சு, கண்டலுக்கு அதின்ரை இடத்தைத் திருப்பிக் குடுக்கப் பாத்தவை. அண்டைக்கு அதில நிண்ட ஒரு மனிசன் மாரடைப்பில செத்துப் போனார். ஹேஹோ டானியல் நனோட்டோ எண்டு பேர். மைக்ரோனேசியாக்காரர். அவரை நினைச்சு வந்த நாள்தான் இது. விளங்குதோ? வரம்பை உடைச்ச நாளில நாங்கள் பந்தல் கட்டுறம்.

உடைச்ச சனத்துக்கு விசயம் தெரிஞ்சிருக்கு. தண்ணி போய் வர வழி இருந்தால் மரம் தானா வரும். புத்தளப் பக்கம் ஆனைவிழுந்தானில, கைவிட்ட இறால் பண்ணைக்கை தண்ணி ஓட வழி விட்டுப் பாத்தவை. கண்டு எண்ணிக் கணக்குக் காட்டுறதை விட்டிட்டு மண்ணையும் தண்ணியையும் பாத்துச் செய்த உப்பிடியான வேலைக்குத்தான் 2024ல ஐக்கிய நாடுகள் சபையே இலங்கையைப் பாராட்டினது. உலகத்தில ஏழு இடத்தைத் தெரிஞ்செடுத்தவை, அதில எங்கட கண்டலும் ஒண்டு. அந்தப் பாராட்டை வாங்கி வைச்சுக்கொண்டு நாங்கள் இஞ்ச இன்னும் ஆடி வெய்யிலில கண்டு குத்துறம்.

சரி, எங்கட தண்ணி போற வழியள் எப்பிடிக் கிடக்கு? தீவுக்குப் போற தாம்போதியளைப் போய்ப் பார். கடல் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போக ஒரு மதகு விட்டிருப்பாங்கள். அதுக்கை சேறு, உரப்பை, பம்பர்ஸ். ஓம், பம்பர்ஸ்! குழந்தை நாலு மணித்தியாலம் கட்டினது, கடலேரி எத்தினை வருசம் கட்டிக்கொண்டு கிடக்கப் போகுதோ. எங்கட கடலேரியில வத்துப் பெருக்கு முழங்கால் அளவுகூட வராது. அந்தக் கொஞ்ச அசைவையும் அடைச்சுப் போட்டால் பிறகு கண்டல் எங்க, இறால் குஞ்சு எங்க, நண்டு எங்க?

கல்லுண்டாய் வெளிக்குப் போயிருக்கிறியோ? பறவை பாக்க வெளிநாட்டால வாறவை ஒரு கையால கமராவைப் பிடிப்பினம், மற்றக் கையால மூக்கைப் பொத்துவினம். உவருக்கை பூநாரை நிக்கிற காலத்தில அங்கால குப்பை எரியும், புகை எழும்பும். நல்லூரில தெருவைக் கழுவிப் பன்னீர் தெளிக்கிற ஊர், தன்ரை குப்பையைக் கொண்டு போய்க் கொட்ட இடம் தேடினால் கடலேரி விளிம்புதான் கண்ணில படுது. 'சும்மா கிடக்கிற வெளி' எண்டு சொல்லுறாங்கள். சும்மா கிடக்குதோ? மாரி வெள்ளம் வந்து நிக்கிற இடம் அது. நீ அதை மூடினால் வெள்ளம் உன்ரை விறாந்தையில வந்து நிக்கும். பிறகு நிவாரணப் பொதிக்கு வரிசை.

பூநாரைக்கும் ஒரு ஆபத்து வந்திருக்கு. ட்ரோன். லண்டனில இருந்து வந்த மருமோன் ஒருத்தன் அதைப் பறக்க விட்டான். இரை திண்டுகொண்டு நிண்ட கூட்டம் அத்தினையும் வெருண்டு எழும்பிச்சுது. வானமெல்லாம் இளஞ்சிவப்பு. அவனுக்குச் சந்தோசம் தாங்கேல்லை. கீழ எழுதினான், 'எங்கள் பறவைகளைப் பாதுகாப்போம்' எண்டு. ஆரிட்டை இருந்து ராசா, உன்னட்டை இருந்தோ? புத்தூர் மீசாலை வீதியில சரசாலைக் குருவிக்காட்டில பார், பறவை அடையிற காலத்தில சத்தம் போடாமல் நிண்டால் எல்லாம் கிட்டத்தில தெரியும். சத்தம் போடாமல் நிக்கிறதுதான் இப்பத்தைய பெடியளுக்குக் கஷ்டம். போனெடுத்துப் பாட்டுப் போட்டால்தான் இயற்கையை ரசிக்க ஏலுமாம்.

மண்டைதீவைப் பற்றியும் நீ கேப்பாய். 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி வந்து சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினவர். நான் கிரிக்கெட்டுக்கு எதிரி இல்லை. பெடியள் விளையாடட்டும், நல்லா விளையாடட்டும். ஆனால் கண்டலும் சதுப்பும் பக்கத்தில, பறவை வாற இடம் எண்டு சூழல் ஆர்வலர்கள் குரல் குடுத்தினம். அவை சொல்லுறதை வாங்கிப் பாத்திட்டுச் செய்தால் என்ன குறைஞ்சு போகும்? இந்தக் குடாநாட்டில மேட்டு நிலத்துக்கா பஞ்சம்? எங்கட ஆக்கள் வீடு கட்ட நிலையம் எடுக்கேக்கை சாத்திரியிட்டைப் போவினம், வாஸ்து பாப்பினம், கிணத்துக்கு மூலை பாப்பினம். மாரியில தண்ணி எவ்வளவு நிக்கும் எண்டு மட்டும் ஒருத்தரும் பாக்க மாட்டினம்.

சட்டம் இருக்கெண்டு சொல்லுவாய். இருக்கு. சுண்டிக்குளம் 1938ல பறவைச் சரணாலயம், 2015ல தேசியப் பூங்கா. பலகை பெருத்துப் போச்சுது. விடத்தல்தீவை 2016ல இயற்கை ஒதுக்கம் எண்டு வர்த்தமானியில போட்டினம். 2024ல அதில ஒரு துண்டை மீன் இறால் வளர்ப்புக்கெண்டு வெட்டியெடுக்க இன்னொரு வர்த்தமானி. அச்சடிக்கிற மெசினுக்கு ரெண்டும் ஒண்டுதானே. அடியை வாரி அள்ளுற இழுவைமடியையும் 2017ல சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. அந்தச் சட்டம் பாக்கு நீரிணைக்கு அங்காலயிருந்து வாற படகுக்குக் கேக்குதோ எண்டு பருத்தித்துறையில வலை அறுந்து போனவனைக் கேள்.

அங்காலயும் நல்லது நடக்குது, அதையும் சொல்ல வேணும். தமிழ்நாடு 2022ல பாக்கு விரிகுடாவில 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுவுக்கெண்டு ஒதுக்கினது. ஆவுளியா எண்டு எங்கட பெரியாக்கள் சொல்லுற அந்தச் சீவன் சாதாழை மேஞ்சு சீவிக்கிறது. அதுக்குத் தெரியுமோ எல்லைக் கோடு? அங்க மேஞ்சு இஞ்ச வந்தால், இஞ்ச ஆழமில்லாத கடலெல்லாம் கம்படிச்சு வலை கட்டிக் கடலட்டைப் பண்ணை. அட்டைக்கு நல்ல விலை, சனத்துக்கும் உழைப்பு வேணும், ஒத்துக்கொள்ளுறன். கடலில தானா வளருற அட்டையே அழியிற நிலைக்கு வந்திட்டுது எண்டபடியால் வளக்கிறதும் ஒரு நியாயம்தான். ஆனால் சாதாழைத் தரை முழுக்க வேலி அடைச்சுப் போட்டால் மற்றச் சீவன் எங்க போறது? வேலிக்குச் சண்டை பிடிச்சே காணியை வித்த சனம் நாங்கள். இப்ப கடலிலயும் வேலி.

உன்ரை பக்கம் திரும்ப வாறன். நட வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. வெட்டுப்பட்டு வெளிச்சுப் போய், பக்கத்தில காய் குடுக்க மரமே இல்லாத இடமெண்டால் நடத்தான் வேணும். ஆனால் நட முந்தி அந்தக் கரையில மீன் பிடிக்கிறவனிட்டை ரெண்டு கேள்வி கேள். முன்னம் இதில என்ன மரம் நிண்டது? தண்ணி எந்த மாதத்தில எதுமட்டும் ஏறும்? அவனுக்கு மைக் பிடிக்கத் தெரியாது, அதால அவனை மேடைக்குக் கூப்பிடுறேல்லை. விசயம் தெரிஞ்சவன் அவன்தான். பிறகு மாட்டுக்காரனிட்டைப் போ. ரெண்டு மாரிக்கு மாட்டை இந்தப் பக்கம் விடாதை எண்டு கெஞ்சிக் கேள். அவன் கேப்பான். கேக்காட்டி ஒரு போத்தில் கள்ளு வாங்கிக் குடு. புரொஜெக்ட் கணக்கில அதை 'சமூக ஒருங்கிணைப்பு' எண்டு எழுதலாம்.

நாளைக்குப் பின்னேரம் வெய்யில் தாழ வா. அந்தத் தாம்போதி மதகுக்கை உரப்பை அடைச்சுக் கிடக்கு, ரெண்டு பேர் இழுத்தால் வந்திடும். மண்வெட்டி என்னட்டை இருக்கு. உன்னட்டை ஒரு பழைய சாரம் இருக்கோ?