அண்ணன் வயல்ல மடை வெட்டாத

என்ன பேராண்டி, ரெண்டாவதா ஒரு ஆர்ட் டிஸ்க் வாங்கியாந்திருக்கியாம்ல? விண்டோஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், இன்னொரு பக்கம் லினக்ஸ் போடப் போறேன்னு செக்கானூரணி டீக்கடை வரைக்கும் தண்டோராப் போட்டிருக்க. நல்ல காரியந்தேன். என்ன, கொஞ்சம் லேட்டு.

முறைக்காதப்பா. 2011 செப்டம்பர் 15, அண்ணா பொறந்த நாளு. அன்னைக்கு ஆரம்பிச்சு புள்ளைகளுக்கு அரசாங்கம் இனாமா லேப்டாப்பு குடுத்துச்சே, அரசாங்கத்தோட எல்காட் நிறுவனம் வாங்கிக் குடுத்த பெட்டி, ஒனக்கும் ஒண்ணு வந்துச்சுல்ல? அதத் தொறந்தோடன என்ன கேட்டுச்சு? விண்டோஸா, பாஸ் லினக்ஸான்னு கேட்டுச்சு. ஒரே டிஸ்க்குல ரெண்டும். பாஸுங்கிறது ஒண்ணும் சீமைச் சரக்கு இல்ல. நம்ம சிடாக் ஆளுக டெபியன எடுத்து, இந்திய மொழிகளுக்குத் தோதா செஞ்சது. தமிழ்லயே புழங்கலாம். நீ என்ன செஞ்ச? "இது என்னமோ இடத்த அடச்சுக்கிட்டு கெடக்கு தாத்தா"ன்னு மதுரைக்குத் தூக்கிட்டு ஓடுன. கடைக்காரனுக்குக் காசழுது அத அழிச்சுட்டு, திருட்டு விண்டோஸ் ஒண்ணப் போட்டுக்கிட்டு வந்த. கூடவே நாலு சினிமாப் படம் இனாம்னு சிரிப்பு வேற! அரசாங்கம் சும்மா குடுத்தத காசு குடுத்து அழிச்ச ஆளு, இன்னைக்கு காசு குடுத்து டிஸ்க்கு வாங்கி அதே சாமானப் போடப் போற. ஒன்னைய மாதிரி நாலு பேரு இருக்கப் போயித்தேன் டவுன்ல கடைக்காரவுக அடுப்பு எரியுது.

சரி, இப்ப என்ன திடீர் ஞானம்னு கேக்க மாட்டேன். 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட்காரன் விண்டோஸ் பத்துக்கு ஆதரவ நிறுத்திட்டான். பதினொண்ணு போடலாம்னா டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்புச் சில்லு வேணும், இன்டெல்லுன்னா எட்டாந் தலைமுறையாவது இருக்கணுங்குறான். இப்ப நீ வச்சிருக்க பெட்டி அம்புட்டு எளசு இல்ல. வெக்கப்படாத, சர்க்காரே அப்படித்தேன். 2014ல விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் மூடுவிழா நடத்துனப்பத்தேன் ஆபீசுகள்ல பாஸ் போடுங்கடான்னு சொல்லிச்சு. கழுத்துக்குத் தண்ணி வந்தாத்தேன் நம்ம ஊர்ல எவனுக்கும் லினக்ஸு நெனப்பு வரும்.

டிஸ்க்கு தனி, அதனால வம்பு இல்லன்னு நெனக்கிற பாத்தியா, அங்கிட்டுத்தேன் நீ மாட்டப் போற. திருமங்கலம் கால்வாய்ப் பாசனத்துல வளந்த பயதானே, கேளு. பாகம் பிரிச்சு ஒனக்குத் தனி வயலு எழுதிக் குடுத்தாச்சு. ஆனா மடை மட்டும் அண்ணன் வயல்ல கெடக்கு. நாளைக்கு அவன் வயல வித்தாலோ, கோவத்துல மடைய மூடுனாலோ, ஒன் நெல்லு கருகிப் போகும். பத்திரம் ஒன் பேர்ல இருந்து என்ன புண்ணியம்?

இங்கயும் அதேதேன். பெட்டிய உசுப்பிவிடுற சின்னத் துண்டு ஒண்ணு இருக்கு, இஎஃப்ஐ பார்ட்டிஷன்னு பேரு. விண்டோஸ் தன் டிஸ்க்குல ஏற்கெனவே ஒண்ணு வச்சிருக்கும். உபுண்டுவோட பழைய இன்ஸ்டாலரு, "பூட் லோடர ரெண்டாவது டிஸ்க்குல வையி"ன்னு நீ சுட்டிக் காட்டுனாலும், தலையத் தலைய ஆட்டிட்டு மொத டிஸ்க்குல இருக்க துண்டுலயே போயி வச்சுட்டு வரும். மாமியா வீட்டு மாப்பிள்ளையா நீயி, சொன்னா கேக்குறதுக்கு? பின்னால என்னைக்காவது விண்டோஸ் டிஸ்க்கக் கழட்டுன அன்னைக்கு லினக்ஸும் எந்திரிக்காது. "தனித்தனி டிஸ்க்குதானே"ன்னு அப்ப வந்து எங்கிட்ட அழுகாத.

அதனால நான் சொல்றதக் கேளு. கரண்ட நிறுத்திட்டு விண்டோஸ் டிஸ்க்கோட கேபிளப் புடுங்கிரு. எம்.2 குச்சியா இருந்தா ஸ்க்ரூவக் கழட்டி எடுத்து வையி. புது டிஸ்க்கு மட்டும் இருக்கையில பென் டிரைவுல பூட் பண்ணி, "மொத்த டிஸ்க்கையும் எடுத்துக்க"ன்னு சொல்லு. எடுத்துக்கட்டும், அங்கதான் அழிக்க ஒண்ணுமில்லையே. மடை தன்னால அந்த வயலுக்குள்ளயே வந்துரும். பெறகு பழைய டிஸ்க்க மாட்டி, பயாஸுல எது முந்தின்னு வரிசை வச்சுக்க. மாத்திப் போகணும்னா ஏத்துறப்ப எஃப்12 அமுக்கு. சில பெட்டியில எஃப்9, சிலதுல எஃப்8. கேபிளக் கழட்ட சோம்பேறித்தனப்படுற ஆளா இருந்தா, ரெண்டு டிஸ்க்கும் ஒரே அளவுல இல்லாம பாத்துக்க. ரெண்டும் 500 ஜிபின்னா எது எஸ்டிஏ, எது எஸ்டிபின்னு முழிச்சு, நடுராத்திரியில விண்டோஸுக்குக் கருமாதி பண்ணிருவ.

ஏத்துறப்ப எந்த சிஸ்டம் வேணும்னு கேக்குற லினக்ஸோட க்ரப் மெனுவுல விண்டோஸ் பேரு வரலன்னா பதறாத. 2.06 பதிப்புலருந்து க்ரப்பு மத்த சிஸ்டத்தத் தேடுறத தானா நிறுத்தி வச்சிருக்கு. ஒரு வரிய மாத்துனா தேடும். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப அணைச்சு வையி. அது இருந்தா விண்டோஸ் அணைஞ்ச மாதிரி நடிக்குமே ஒழிய உண்மையில முழுசா அணையாது, லினக்ஸ்லருந்து அந்த டிஸ்க்குல ஒண்ணும் எழுத விடாது. பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருந்தா அதத் தொறக்குற 48 இலக்க எண்ண முன்னாடியே எழுதி வச்சுக்க, அந்தப் பெட்டிக்குள்ளயே இல்ல, வெளியில!

மணியும் கொழப்பும். லினக்ஸ் போர்டுல இருக்க கடிகாரத்துல உலக நேரத்த வைக்கும், விண்டோஸ் அத உள்ளூர் நேரம்னு நெனச்சுக்கும். வித்தியாசம் நம்ம ஊருக்குச் சரியா அஞ்சரை மணி நேரம். காலை பத்தரைக்கு விண்டோஸத் தொறந்தா அஞ்சு மணிம்பான். ஒன் பொண்டாட்டி பாத்தா, மனுசன் எம்புட்டு வெள்ளன எந்திரிக்கிறாருன்னு ஏமாந்து போவா. அதச் சரி பண்ண ஒரு கட்டளை போதும். அவசரமில்லன்னா ரெண்டு நாளு அப்படியே விட்டு வையி.

இம்புட்டும் செஞ்சு, மீசைய முறுக்கிக்கிட்டுத் திரியாத. ரெண்டு வயலுக்கும் மேல கால்வாய் ஒண்ணுதானே? 2024 ஆகஸ்ட்டுல மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் விட்டுச்சு. ரெட்டச் சிஸ்டம் வச்சிருக்கவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தேன் விட்டாக. அது போர்டுக்குள்ள எழுதி வச்ச தடையில, செக்யூர் பூட் போட்டிருந்த பல பேரு லினக்ஸு எந்திரிக்காம நின்னு போச்சு. தடை போர்டுல இருக்கப்ப தனி டிஸ்க்கா இருந்து என்ன செய்ய?

கேபிளப் புடுங்குறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. ஒங் கல்யாண போட்டோ பூரா அந்தப் பழைய டிஸ்க்குல மட்டுந்தேன் கெடக்குன்னு ஒன் மாமனாரு நேத்து பஸ்ஸுல சொன்னாரு. மொதல்ல அத வேற எடத்துல ஒரு நகல் எடுத்து வையி. அழிச்சுட்டேன்னு வையி, மறுபடி தாலி கட்டி போட்டோ எடுக்க அந்த ஆளு செலவு பண்ண மாட்டாரு, எனக்கு அவரத் தெரியும்.