டிப்ஸ் புத்தகம் கைகொடுக்குமா?

கேள்வி: டிப்ஸ் புத்தகத்தைப் படித்தே வெப் டிசைன் கற்றுக்கொள்ள முடியுமா?
(வாசகர், உத்திரமேரூர்)

பதில்: குறுக்குவழி யாருக்குப் பயன்படும்? நேர்வழி தெரிந்தவருக்குத்தானே! வெப் பக்கம் அமைக்கும் ட்ரீம்வீவர் மென்பொருளில் எஃப்12 அழுத்தினால் பக்கம் பிரவுசரில் திறக்கும் என்று டிப்ஸ் சொல்லும். திறந்த பக்கம் ஏன் கோணலாக நிற்கிறது என்பது எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் படித்தவருக்கே புரியும்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைப்பது போதாதா?

பதில்: உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் கி.பி. 919-ல் பொறித்த குடவோலைத் தேர்தல் விதிகள் 921-லேயே திருத்தப்பட்டன. கல்லுக்கே இரண்டாம் பதிப்பு தேவைப்பட்டது; காகிதம் எம்மாத்திரம்? பழைய புத்தகங்கள் சொல்லித்தரும் ஃப்ரண்ட்பேஜ் மென்பொருள் 2003-ஆம் பதிப்போடு நின்றது. ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ல் நிறுத்தியது. விலையைப் பார்க்குமுன் பதிப்பாண்டைப் பார்ப்பது நல்லது. எச்டிஎம்எல் அடிப்படைகளைச் சொல்லும் பக்கங்கள் மட்டும் பழசானாலும் உதவும்.

கேள்வி: அப்படியானால் டிப்ஸ் புத்தகமே வேண்டாமா?

பதில்: கட்டாயம் வேண்டும், இரண்டாவது புத்தகமாக! தமிழ்ப் பக்கம் பிரவுசரில் கிறுக்கலாகத் தெரிகிறதா? கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, ஹெட் பகுதியில் மெட்டா சார்செட்டையும் யூடிஎஃப்-8 என்று குறித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த ஒரு வரி ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். ஊர்ப் பள்ளிக்கோ நெசவுக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஒரு பக்கம் செய்யத் தொடங்கி, சிக்கிய இடத்தில் புத்தகத்தைத் திறப்பவருக்கே டிப்ஸ் மனதில் நிற்கும்.